பினாங்கு போனவர்

ஜார்ஜ் டவுனில் கடலை ஒட்டிப் போகும் சுல்தான் அகமது ஷா சாலையில் சத்தமே இல்லாத ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஈழத்தலரி மரங்கள் குடைபிடித்து நிற்கின்றன. பாசி படிந்த கற்களின் மேல் வெள்ளைப் பூக்கள் உதிர்ந்து கிடக்கின்றன. 1786இல் பினாங்குத் தீவில் ஆங்கிலேயக் கொடியை ஏற்றிய பிரான்சிஸ் லைட், 1794இல் இறந்து இங்கேதான் புதைக்கப்பட்டார். வருகிறவர்கள் அவர் கல்லறையைப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நான் தேடிப் போனது வேறொருவரை. அவர் ஆளுநரும் இல்லை, தளபதியும் இல்லை. குமாஸ்தா வேலை பார்த்து, கடைசியில் பினாங்கில் ஓட்டல் நடத்த வந்த ஓர் அயர்லாந்துக்காரர். பெயர் தாமஸ் லியோனோவன்ஸ். 1859 மே மாதம், 31 வயதில் இங்கே இறந்தார்.

அவரைத் தெரியாவிட்டாலும் அவர் மனைவியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'தி கிங் அண்ட் ஐ' என்ற 1956ஆம் வருடத்து ஹாலிவுட் படத்தில், சயாம் அரசர் மோங்குட்டின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வரும் டீச்சரம்மா அன்னா. நிஜத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். தான் வேல்ஸில் பிறந்ததாகவும், கணவர் ராணுவத்தில் மேஜர் என்றும், புலி வேட்டைக்குப் போன இடத்தில் வெயில் தாக்கி இறந்துவிட்டார் என்றும் சொல்லிக்கொண்டார். உலகம் நம்பியது.

அந்தக் கதையைக் கலைத்தவர் ஒரு சிலந்தி ஆராய்ச்சியாளர்! டபிள்யூ. எஸ். பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயர், அன்னாவின் மகன் லூயிஸைப் பற்றி 1976இல் ஒரு புத்தகம் எழுதினார். அதற்காகப் பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது மேஜர் கிடைக்கவில்லை, குமாஸ்தாதான் கிடைத்தார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் மிச்சத்தையும் தோண்டி எடுத்தார்கள். அன்னா பிறந்தது 1831இல், நம் அகமத்நகரில். கல்யாணம் 1849 கிறிஸ்துமஸ் அன்று பூனாவில். மாப்பிள்ளை அயர்லாந்தின் வெக்ஸ்போர்டு வட்டாரத்து எனிஸ்கார்த்தி ஊர்க்காரர். 'லியோன்' என்பதும் 'ஓவன்ஸ்' என்பதும் தனித்தனிப் பெயர்களாக இருந்து, பிறகு ஒட்டிக்கொண்டு 'லியோனோவன்ஸ்' ஆனவை.

இது எப்படி முடிந்தது? கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் சென்னை, பம்பாய், கல்கத்தா மாகாணத் தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் லண்டனுக்குப் போனது. அவை இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மனைவியே மறைத்த ஒரு சாதாரண குமாஸ்தாவை நூறு வருடத்துக்குப் பிறகும் கண்டுபிடிக்க முடிந்தது அதனால்தான்.

அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. எங்கள் குடும்பத்திலும் பினாங்கு போன ஒருவர் உண்டு. என் தாத்தாவின் அண்ணன். முசிறிக்குப் பக்கத்துக் கிராமம். 1937 வாக்கில், கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில், ஒரு கங்காணியோடு நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறினார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அன்றைக்கு நாகப்பட்டினம் துறைமுகத்தில் நின்று அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டிருந்தால் பத்துப் பேராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள், அப்படிப்பட்ட பெயர். முதல் மூன்று நான்கு வருடம் கடிதமும் பணமும் வந்தன. 1941க்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அவர் மனைவியை நாங்கள் பெரிய அப்பாயி என்போம். பிள்ளை இல்லை. 1994இல் இறக்கும்வரை கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் குங்குமம் இருந்தது. ஊரில் யாராவது ஜாடையாகப் பேசினால், "பினாங்குலதான் இருக்காரு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாராம். இறந்த தேதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் தர்ப்பணம் கொடுக்கலாம் என்று எல்லோரும் தாத்தாவிடம் சொல்லிப் பார்த்தார்கள். அவர் மறுத்துவிட்டார். "செத்துட்டாருன்னு யார் சொன்னா? உசுரோட இருக்கிற மனுசனுக்கு எள்ளும் தண்ணியும் விடச் சொல்றியா?" அப்பாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. போன புரட்டாசியில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படியில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "எனக்கப்புறம் இதை யாரு கேக்கப் போறீங்க?" பண்பலையில் காலை நிகழ்ச்சி செய்கிற எனக்கு ஒரு வாரம் விடுப்பு கிடைப்பதே பெரிய பாடு. கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு அயர்லாந்துப் பெண்ணும் சுற்றிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். ஊர்க்காரர் கல்லறை என்று பார்க்க வந்தவர். என் கதையைக் கேட்டதும் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். 1911ஆம் வருட மக்கள்தொகைக் கணக்குப் படிவம். அதில் அவருடைய கொள்ளுத்தாத்தா போட்ட கையெழுத்து! அயர்லாந்தின் 1901, 1911 கணக்கெடுப்புகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாமாம். "உங்களுக்கு எல்லாமே இருக்கிறது" என்றேன். "இல்லை, எங்களுடையது எரிந்துபோய்விட்டது" என்றார். 1922இல் உள்நாட்டுப் போர் தொடங்கிய நேரத்தில் டப்ளின் ஆவணக் காப்பகம் வெடித்துத் தீப்பிடித்ததில் பல நூற்றாண்டுக் காகிதங்கள் சாம்பலாகின. நகல்களைத் தேடித் தேடித்தான் இப்போது மீட்கிறார்கள்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் என் தொழிலுக்கு நெருக்கமானது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 'தி பைலட்' என்று ஒரு பத்திரிகை. 1831 முதல் 1921 வரை, தொண்ணூறு வருடம், அதில் காணாமல்போன அயர்லாந்துக்காரர்களைத் தேடும் விளம்பரங்கள் வந்தன. எந்த ஊர், எந்தக் கப்பல், கடைசியாக எங்கே வேலை, யார் தேடுகிறார்கள் என்று நாலைந்து வரி. இன்று வம்சாவளி தேடுகிறவர்களுக்கு அந்த விளம்பரங்களே புதையல். அரசாங்கம் எழுதாததைக் காசு கொடுத்து அக்காவும் தம்பியும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சீட்டு இல்லாமல் போனவர்கள்

தமிழர்கள் கதைக்கு வருவோம். இதில் ஒரு கொடுமையான வேடிக்கை உண்டு. ஒப்பந்தக் கூலியாக அடிமைச் சீட்டு எழுதிப் போனவரைக் கண்டுபிடிப்பது சுலபம். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியல் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் அதில் எழுதப்பட்டன. மொரீஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பதிவேடுகளோடு புகைப்படங்களும் உள்ளன. இதெல்லாம் அன்பினால் செய்ததில்லை; ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே, அதற்காக.

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு கங்காணி காலம். தோட்டத்தில் வேலை பார்க்கும் கங்காணி சொந்த ஊருக்கு வந்து, சொந்தபந்தங்களைச் சேர்த்துக்கொண்டு போவார். ஆவடி, நாகப்பட்டினம் ஆகிய இரண்டு இடங்களில் முகாம். தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த நிதியிலிருந்து கப்பல் டிக்கெட். சட்டப்படி அவர்கள் சுதந்திரமான தொழிலாளர்கள். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேறலாம். ஓடினால் பிடிக்கவேண்டிய ஒப்பந்தம் இல்லாததால், ஆளை ஆளாகக் குறித்துவைக்கும் அக்கறையும் இல்லை. ஆண்டறிக்கைகளில் ஆண் இத்தனை, பெண் இத்தனை, குழந்தை இத்தனை என்று துல்லியமான எண்ணிக்கை கிடைக்கிறது. மொரீஷியஸில் இருப்பது போல, ஊரும் முகமும் சேர்ந்த பெயர்த் தொகுப்பு இல்லை. 1938 ஜூனில் இந்திய அரசு இந்த ஆள்சேர்ப்பையே தடை செய்தது. எங்கள் பெரிய தாத்தா அதற்குச் சற்று முன்னால் போய்விட்டார்.

அவர் போன கப்பல் 'ரஜூலா'வாக இருக்கலாம் என்பது அப்பாவின் கணக்கு. 1926இல் கட்டிய அந்தக் கப்பல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்றக்கூடியது. 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. மலேசியத் தமிழர் வீடுகளில் பெரியவர்கள் 'ரஜூலா' என்று சொல்லும்போது குரல் மாறுவதை நானே கேட்டேன். வந்து இறங்கியவர்களுக்கு முதல் தங்கல், ஜெரெஜாக் என்ற குட்டித் தீவின் தனிமைப்படுத்தும் முகாம். பினாங்குப் பாலத்தில் போகும்போது தெற்கே பச்சைப் பசேலென்று தெரியும். அதே தீவு தொழுநோய் மருத்துவமனையாக இருந்தது, காசநோய் மருத்துவமனையாக இருந்தது, 1969 முதல் 1993 வரை சிறையாகவும் இருந்தது. ஊருக்கு வேண்டாதவர்களை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்ட தீவு.

"எந்தத் தோட்டம்மா?"

குவீன் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில் 1833இல் கட்டப்பட்டது. கோபுரத்தைச் சுற்றி லிட்டில் இந்தியா. பித்தளைக் குத்துவிளக்கு, மல்லிகைச் சரம், ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு. சற்றுத் தள்ளி சூலியா ஸ்ட்ரீட்டில் கொதிக்கும் தே தாரிக், நாசி கண்டார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் தொடங்கியது. யுனெஸ்கோ 2008இல் இந்தப் பழைய நகரத்துக்குப் பாரம்பரியப் பட்டம் கொடுத்தது. சாப்பாட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இன்னொரு வாரம் பார்ப்போம்.

கோயில் வாசலில் பூக்கட்டும் கடைக்குப் பக்கத்தில் எண்பது வயதிருக்கும் ஒரு ஐயா உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை.

"எந்தத் தோட்டம்மா?"

"பினாங்குன்னுதான் சொல்வாங்க ஐயா."

சிரித்தார். "ஊர்ல இருக்கிறவங்களுக்கு எல்லாமே பினாங்குதான். கப்பல் இங்கதானே நிக்கும். இறங்கினவன் கெடாவுக்குப் போவான், பேராக்குக்குப் போவான். லெட்டர்ல மட்டும் பினாங்குன்னு இருக்கும். தோட்டத்துப் பேரு தெரியாம ஆளைத் தேட முடியாதும்மா."

நம்மூரில் இலங்கை மலைத்தோட்டம் எதற்குப் போனாலும் 'கண்டிச் சீமை', பர்மாவில் எங்கே இருந்தாலும் 'ரங்கூன்'. அந்த வழக்கில்தான் இதுவும். அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிய அப்பாயி மனதில் வைத்திருந்த ஊர் ஒரு படித்துறை மட்டும்தான்.

அந்த ஐயா நிறையச் சொன்னார். விடியற்காலைப் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிட்டு எழுதுவது செக்ரோல். ஒரு தொழிலாளியின் பெயர் தினமும் எழுதப்பட்ட ஒரே புத்தகம் அதுதான். ஆனால் அது கம்பெனி சொத்து; தோட்டம் கைமாறி, பிறகு வீட்டு மனையாகும்போது அந்தப் புத்தகங்களைத் தூக்கி வைத்துக்கொண்டவர்கள் அபூர்வம். 1948இல் அவசரகாலம் வந்து எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்த பிறகு நிலைமை வேறு. அதற்கப்புறம் உயிரோடு இருந்தவரென்றால் தேசியப் பதிவுத் துறையில் ஏதாவது ஒரு தடம் இருக்க வாய்ப்புண்டு. அதிலும் சிக்கல் எழுத்துக்கூட்டல்தான். ஒரே முனுசாமியை ஆங்கிலத்தில் எட்டு விதமாக எழுதலாம்.

2022இல் நடந்த ஒன்றைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். தென் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒருவர், கைக்குழந்தையாக இருக்கும்போது மலேசியாவில் இறந்துபோன தன் அப்பாவின் கல்லறையை ஐம்பத்தைந்து வருடம் கழித்துக் கண்டுபிடித்தார். அப்பா தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர். அந்தப் பள்ளியின் பெயரை இணையத்தில் தேடித் தலைமையாசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்ப, அவர் பழைய மாணவர்களைக் கண்டுபிடிக்க, அவர்கள் புதர் மண்டிய இடத்தில் கல்லறையைக் காட்டினார்கள். அவர் கையில் பள்ளிக்கூடத்தின் பெயர் இருந்தது. எங்களிடம் இருந்தது ஒரு தபால்தலை.

கடிதங்கள் எல்லாம் கரையான் அரித்துப் போய்விட்டன. அப்பா பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது ஒரு உறையிலிருந்து தபால்தலையை மட்டும் வெட்டி எடுத்து நோட்டுப் புத்தகத்தில் ஒட்டியிருந்தார். "நெல்லுக்கட்டுப் படம் போட்டிருந்துச்சு, அழகா இருந்துச்சு" என்பதுதான் காரணம். கீழே பச்சை மையில் 'பினாங்கு' என்று எழுதியிருக்கிறார். தபால்தலையின் மேல் கறுப்பு முத்திரை அழுத்தமாக விழுந்ததில் எழுத்தே தெரியாது. அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். சூலியா ஸ்ட்ரீட்டில் பழைய நாணயமும் தபால்தலையும் விற்கும் ஒரு சீனத் தாத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கூட மாற்றவில்லை. "கெடா" என்றார்.

அந்தக் காலத்தில் பினாங்குத் தபால்தலையில் ஆங்கிலேய ராஜாவின் தலை இருக்கும். பேராக், சிலாங்கூர் பக்கத்துப் பழைய தபால்தலைகளில் பாயும் புலி. கெடா நெல் விளையும் சீமை. அதனால் 1912 முதலே அதன் குறைந்த விலைத் தபால்தலைகளில் நெற்கதிர்க் கட்டு. இன்றைக்கும் மலேசியாவின் நெற்களஞ்சியம் அதுதான். படத்தைப் பெரிதாக்கி முத்திரையைப் பார்த்தார். வட்டத்தின் ஓரத்தில் ஆங்கிலத்தில் ஏ, என், ஐ என்று மூன்று எழுத்துகள் தேறின. சுங்கை பட்டாணியாக இருக்கலாம் என்றார். பழைய எழுத்துக்கூட்டலில் அந்த ஊர்ப் பெயர் அப்படித்தான் முடியும். சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள் இருந்த ஊர்.

கெடா என்றால் நமக்கு வேறு பெயரில் தெரியும். கடாரம். ராஜேந்திர சோழன் கப்பல் அனுப்பி வென்ற கடாரம், வென்ற துறைமுகங்களின் பெயரெல்லாம் வரிசையாகத் தஞ்சைப் பெரிய கோயில் கல்லில் இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அந்தப் பட்டியலைப் படிக்க முடிகிறது.

எண்பது வருடத்துக்கு முந்தையது ஏன் அறுந்தது என்பதற்குப் பதில் பினாங்கிலேயே இருக்கிறது. 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மேல் குண்டு போட்டன. வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்த ஜனங்கள் கூட்டமாகச் செத்தார்கள். இரண்டு நாளில் ஐரோப்பியர்களை மட்டும் ரகசியமாகப் படகேற்றி வெளியேற்றியது ஆங்கிலேய நிர்வாகம். மற்றவர்களிடம் சொல்லக்கூட இல்லை. கோட்டையில் பறந்த ஆங்கிலேயக் கொடியை இறக்கி வெள்ளைக் கொடி ஏற்றியவர், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியரான இலங்கைத் தமிழர் எம். சரவணமுத்து. ஓடியவர்கள் அவசரத்தில் வானொலி நிலையத்தை உடைக்காமலே விட்டுப் போனார்கள். ஜப்பானியர்கள் வந்ததும் அதில் தங்கள் பிரச்சாரத்தை ஆரம்பித்துவிட்டார்கள். ஒலிவாங்கி முன்னால் பிழைப்பு நடத்துகிற எனக்கு இதைக் கேட்க என்னவோ செய்தது. முசிறிப் பக்கம் கடிதத்துக்குக் காத்திருந்த வீடுகளுக்குச் சேதி சொல்ல, அந்த ஊரில் வேலை செய்கிற நிலையில் ஒரு வானொலி நிலையம் இருந்திருக்கிறது.

அதன் பிறகு சயாம் மரண ரயில். 1942, 43இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை. அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து வடக்கே கொண்டுபோனார்கள். கெடா அந்த வழியில்தான் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆசியத் தொழிலாளர்கள் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. காலராவிலும் பட்டினியிலும் பாதிக்குப் பாதி போலச் செத்தார்கள். காஞ்சனபுரியில் போர்க் கைதிகளின் கல்லறை வளாகத்தில் 6,982 பேர் இருக்கிறார்கள். புல்வெளியில் வரிசை வரிசையாகப் பெயர்ப் பலகைகள். நம் ஆட்களுக்கு அப்படி ஆளுக்கொரு பலகை கிடையாது.

பெரிய தாத்தா அங்கே போனாரா, தோட்டத்திலேயே இருந்தாரா, வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டாரா? மூன்றும் நடந்திருக்கலாம். மூன்றாவதைச் சொன்னபோது போனில் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்படின்னா நமக்கு அங்க சொந்தக்காரங்க இருப்பாங்கல்ல?" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், பரணில் இருக்கும் உறையைத் தூக்கிப் போடுமுன் முத்திரையைப் படம் எடுத்துவையுங்கள். பாட்டிமார்களிடம் 'எந்த ஊர்' என்பதோடு நிறுத்தாமல் தோட்டத்தின் பெயர், கங்காணியின் ஊர், கூடப் போனவர்கள் யார் என்றும் கேளுங்கள். தோட்டங்களுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர் ஒன்று, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு'வின் பழைய இதழ்களைப் படிக்கலாம். நம் தேசிய ஆவணக் காப்பகமும் பழைய குடியேற்றத் துறைக் கோப்புகளை இணையத்தில் ஏற்றி வருகிறது.

கடைசி நாள் பட்டர்வொர்த் படகுத் துறையில் உட்கார்ந்து அந்த அயர்லாந்துக்காரர்கள் பாணியில் ஒரு விளம்பரம் எழுதினேன், மலேசியத் தமிழ் நாளிதழ் ஒன்றுக்கு அனுப்ப. பெயர். முசிறி தாலுகா, கிராமத்தின் பெயர். 1937 வாக்கில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாக வந்தவர். சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டம். இடது கையில் ஆறு விரல். வலது முன்கையில் தேள் பச்சை. அவரையோ அவர் வம்சத்தாரையோ அறிந்தவர்கள் தொடர்புகொள்ளவும்.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் சரி என்றவர், கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "அவர் சம்சாரம் 1994 வரைக்கும் இருந்தாங்கன்னு போடு."